கோயில் வீட்டு மணிக்கயிறு

செபமாலை மறுபடியும் நழுவித் தலையணை ஓரத்தில் விழுந்தது.

மிக்கேல்சாமி அதை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். மடக்கிவிட்டு அவர் கையை எடுக்கப் போனதும் அவை விரிந்தன. மாலையை விட்டுவிட்டு அவருடைய சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டன.

"புடி அன்னம். அம்மாவோட செபமாலை இது. செத்தப் புடிச்சுக்க. பங்குச் சாமி வந்துக்கிட்டு இருக்காரு."

அன்னம்மாவுக்கு நேற்றே பேச்சு நின்றுவிட்டது. கண்கள் மட்டும் அண்ணன் முகத்தை விட்டு அகலவில்லை. அவர் தன் விரலை மெதுவாக உருவிக்கொண்டு மாலையைத் தேடினார். இந்த முறை அது தரைக்கே போயிருந்தது.

சுடுதண்ணீர்ப் போத்தலோடு உள்ளே வந்த ராக்காயி குனிந்து எடுத்துக் கொடுத்தாள். லயத்தின் அடுத்த காம்பரா அறையில் இருப்பவள். நெற்றியில் மாரியம்மன் கோயில் குங்குமம். அன்னம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து துடைத்துவிட்டதும் புரட்டிப் போட்டதும் அவள்தான்.

"அது வேணாங்குது போல ஐயா."

"ஒனக்கு என்ன தெரியும்? போயித் தண்ணியக் கொதிக்க வை."

"கொதிச்சதத்தான் கொண்டாந்திருக்கேன்" என்று போத்தலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவள் வாசற்படியில் போய் உட்கார்ந்தாள்.

மிக்கேல்சாமி அந்தக் காம்பராவுக்குள் கால் வைப்பது பதினைந்து வருஷத்துக்குப் பிறகு. சுவரில் அந்தோனியார் படம் இருந்த இடத்தில் சபைக் காலண்டர் தொங்கியது. படமில்லை, சிலுவையில்லை; பெரிய எழுத்தில் ஒரு வசனம். அதைப் பார்க்கக் கூடாதென்று அவர் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உட்காரும்போதும் அவருக்கு முதுகு வளையாது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலையாட்களை எண்ணிய காலத்திலிருந்து அப்படித்தான். வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் தோட்டத்தில் அவர் இன்னும் 'கணக்கப்புள்ள ஐயா'தான்.

அவருடைய வீட்டைக் 'கோயில் வீடு' என்பார்கள். பாட்டனார் இலங்கைக்கு வர மண்டபத்துக் கப்பலில் ஏறியபோது ஒரு அந்தோனியார் சுரூபத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மேட்டில் நிற்கும் சின்னக் கோயில் அந்தச் சுரூபத்துக்காகக் கட்டியது. திருநாளில் கொடிக்கயிற்றில் முதல் கை அவர்கள் கை. தோட்டத்தில் எந்தக் கத்தோலிக்க வேதக்காரர் இறந்தாலும் துக்க மணி அடிப்பதும் அவர்கள்தான். அப்பா அடித்தார், இப்போது மிக்கேல்சாமி அடிக்கிறார். மணிக்கயிற்றை வேறு ஆள் தொட்டதில்லை.

அந்த வீட்டுப் பெண்தான் சபைக்குப் போனாள். அவள் புருஷன் சின்னராசாவுக்கு வேலை முடிந்தால் கள்ளுத் தவறணைதான் வீடு. எந்த நேர்ச்சைக்கும் கேட்காத குடி, நோர்வூட்டில் ஒரு கடைக்கு மேலே கைதட்டிப் பாடும் கூட்டத்தில் போய் உட்கார்ந்த பிறகு நின்றது. முதலில் புருஷன் போனான், பின்னால் அவள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகள். மூன்று பேரும் ஆற்றில் முழுகி எழுந்து ஞானஸ்நானம் வாங்கிய செய்தி, ஈரத் துணி காய்வதற்குள் கோயில் வீட்டுக்கு வந்துவிட்டது. "குடிகாரனாச் செத்தாலும் வேதக்காரனாச் செத்திருக்கலாம்" என்று மிக்கேல்சாமி இஸ்தோப்புத் திண்ணையில் நின்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் மண்மேடு சரிந்து சின்னராசா போனான். அன்னம்மா கோயில் படிவரை ஏறி வந்தாள். மணி கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்து அவர் முந்திக்கொண்டார்: "சபைக்காரனுக்குக் கோயில் மணி இல்ல."

"மணி வேணாண்ணே" என்றாள். "நீ வந்து நின்னாப் போதும்."

அவர் போகவில்லை.

தண்ணீர்ப் பீலிப் பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மிக்கேல்சாமி அவசரமாக மாலையை அன்னம்மாவின் கைக்குள் திணித்து, விரல்களை மடக்கி, மேலே தன் கையையும் போட்டு மூடிக்கொண்டார். அவள் விரல்கள் உள்ளே அசைந்தன. அவர் விடவில்லை.

குருவானவர் இளவயதுக்காரர். மழைக் கோட்டைக் கழற்றி ராக்காயியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். இவர் மேல் மிக்கேல்சாமிக்கு ஒரு குறை உண்டு. போன தை மாதம் ஹட்டனில் எல்லாச் சபையாரும் சேர்ந்து ஒற்றுமைச் செபம் வைத்தபோது இவர் மெதடிஸ்ட் ஐயரோடும் அங்கிலிக்கன் ஐயரோடும் ஒரே மேடையில் உட்கார்ந்தார். கைதட்டுகிற லோஜன் பாஸ்டரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நீங்களும் வாங்க, கோயிலுக்குத் தலைக்கட்டு நீங்க" என்று அழைத்தபோது, "ஒரே பெஞ்சில உக்காந்தா ஒன்னாயிருவமா சாமி?" என்று மிக்கேல்சாமி கேட்டுவிட்டார்.

சாமி அன்னம்மாவின் முகத்தைப் பார்த்தார். சுவர்க் காலண்டரையும் பார்த்தார்.

"ஐயா, இவங்க சபையில இருக்கிறவங்க. கடைசி நேரத்து அவஸ்தை எண்ணெய் பூசணும்னு இவங்களாக் கேட்டாங்களா? கேக்காம நான் பூசக்கூடாது. அது நம்ம மொறையும் இல்ல, மரியாதையும் இல்ல."

"கேட்டா சாமி."

"பேச்சு இல்லையே?"

"பேச்சு இருக்கும்போதே கேட்டா. 'அண்ணே, சாமியக் கூட்டிட்டு வா'ன்னா." பொய் இத்தனை சுலபமாக, சொந்தக் குரலோடு வருமென்று அவருக்கே தெரியாது. "பாருங்க, அம்மா மாலையக் கையிலயே புடிச்சிருக்கா."

வாசற்படியில் ராக்காயி மழைக் கோட்டை உதறிக்கொண்டிருந்தாள். உதறுவது ஒரு கணம் நின்றது.

சாமி ஊறாத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு செபத்தைத் தொடங்கினார். நெற்றியில் எண்ணெய் பட்டதும் அன்னம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அதுவரை அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருந்த கண். கையில் பூசுவதற்காக மிக்கேல்சாமி தன் பிடியைத் தளர்த்தினார். உள்ளே விரல்கள் அசையவில்லை, மாலையும் விழவில்லை.

பின்நேரம் கொழுந்து நிறுக்கிற சமயத்தில் அன்னம்மாவின் மூச்சு அடங்கியது. கண் திறக்காமலே போனாள்.

மிக்கேல்சாமி மேட்டுக்கு ஏறித் துக்க மணி அடித்தார். நிறுவைக் கொட்டகையில் நின்ற பெண்கள் கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். கோயில் வீட்டுப் பொண்ணு கோயிலுக்கே திரும்பிட்டா என்ற சேதி மணிச் சத்தத்தோடு லயம் லயமாகப் போயிற்று. கயிற்றை இழுக்க இழுக்க அவருடைய முதுகு இன்னும் நிமிர்ந்தது. அப்பா இருந்திருந்தால் தோளில் தட்டியிருப்பார் என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் சுண்டுவிரலில் ஏதோ பற்றியிருப்பது போலிருந்தது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

மகள் கிருஷாந்தி மறுநாள் காலை கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தாள். வெள்ளவத்தையில் துணிக்கடையில் வேலை. பஸ்ஸை விட்டிறங்கி ஓடிவந்தவள் தாயின் காலடியில் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து தலையை நிமிர்த்தியபோதுதான் தலைமாட்டில் எரிந்த மெழுகுதிரிகளையும் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தையும் கண்டாள். ஒன்றும் விளங்காமல் சுற்றிலும் பார்த்தாள்.

வெளியே கூடாரத் துணியின் கீழ் சபைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை முக்காடு, மடியில் பைபிள். வந்ததிலிருந்து ஒருத்தியும் பாடவில்லை. சாமி அவர்களைப் பார்த்துவிட்டு மிக்கேல்சாமியைத் தனியே கூப்பிட்டார்.

"ஐயா, லோஜன் பாஸ்டரும் ஒரு செபம் பண்ணட்டும். அவங்களும் ஒரு பாட்டுப் பாடட்டும். இத்தனை வருஷம் கூட இருந்தவங்க."

"கடைசியில அவ நம்ம பக்கம் வந்துட்டா சாமி. இப்பப் போயி எதுக்குக் கலக்கணும்?"

பக்கத்தில் நின்ற லோஜன் பாஸ்டருக்கு இது கேட்டது. கொட்டகலைப் பையன், கழுத்துப்பட்டி கட்டிய சட்டை மழையில் நனைந்து ஒட்டியிருந்தது. "பரவால்லைங்க பாதர்" என்றார். "அக்கா அப்பிடி ஆசப்பட்டிருந்தா நாங்க குறுக்க நிக்க மாட்டோம். சும்மா உக்காந்திருந்துட்டுப் போறோம்."

சண்டை போட வருவான் என்று மிக்கேல்சாமி எதிர்பார்த்திருந்தார். அதற்கான சொல்லையும் எடுத்து வைத்திருந்தார். திரும்பிக் கூடாரக் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டினார்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த ராக்காயி சும்மா இருக்கவில்லை. "ஒரே சாமியக் கும்புடுறீங்க. ஒருத்தர் குடிச்ச கிளாஸ்ல ஒருத்தர் குடிக்க மாட்டேங்குறீங்க. எங்களுக்காவது மாரியம்மா வேற, முனியாண்டி வேற, அடிச்சுக்கிட்டாலும் ஒரு ஞாயம் இருக்கு." பாஸ்டர் சிரித்துவிட்டார், சாமியும் சிரித்தார். இருவருக்கும் கிளாஸைக் கொடுத்துவிட்டு மிக்கேல்சாமியிடம் வந்தபோது அவள் தட்டை மட்டும் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வாயைத் திறந்து சொல்லிவிடுவாளோ என்று காலையிலிருந்து அவருக்குப் பயம். இப்போது அவள் சொல்லிவிட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பெட்டியில் வைப்பதற்கு முன்னால் கிருஷாந்தி மாமனைத் தேடி உள்ளே வந்தாள்.

"மாமா, ஒன்னு கேக்கவா? கோவிச்சுக்காதீங்க."

"கேளும்மா."

"அம்மா வாயால கேட்டாங்களா?"

அவர் சன்னலைப் பார்த்தார். "கேட்டா."

கிருஷாந்தி தலையாட்டினாள். கொஞ்ச நேரம் தாயின் நெற்றியில் எண்ணெய் பட்ட இடத்தையே பார்த்தாள். தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"போன கிழமகூட போன்ல பாடினாங்க மாமா. மூச்சு வாங்குது, நிப்பாட்டுங்கம்மான்னேன். நிப்பாட்டல. 'எனக்குப் பயமில்ல புள்ள, நீ பயப்படாத'ன்னாங்க." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்பறம் பயந்துட்டாங்க போல. நான் பக்கத்துல இருந்திருந்தா பயந்திருக்க மாட்டாங்க. லீவு கேட்டேன், சனிக்கிழமைக்குப் பொறகு போன்னாங்க, சரின்னு இருந்துட்டேன். என்னாலதான்."

"அப்பிடிச் சொல்லாத."

"வேற எப்பிடிச் சொல்றது மாமா? அவங்க நம்பினத அவங்களே விட்டாங்கன்னா, எவ்வளவு தனியா இருந்திருப்பாங்க."

மிக்கேல்சாமி ஒரு சொல்லால் கோயில் வீட்டுக்குத் திரும்ப ஒரு ஆளைச் சேர்த்திருந்தார். அதே சொல் இந்தப் பெண்ணிடமிருந்து எதை எடுத்துப் போயிருக்கிறது என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

கிருஷாந்தி தலைமாட்டிலிருந்த மாலையை எடுத்தாள். அதை எப்படிப் பிடிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. சங்கிலியை எடுப்பது போல இரண்டு விரலால் தூக்கினாள்.

"இத எப்பிடிச் சுத்தணும் மாமா? எனக்குப் பழக்கமில்ல. அம்மா கேட்டது, சரியாச் செஞ்சிரணும்."

அவர் காட்டிக் கொடுத்தார். சிலுவை மேலே வர வேண்டும், மணிகள் இரண்டு கைக்கும் நடுவே ஓட வேண்டும். அவள் பொறுமையாக, ஒரு மணிகூடப் புரளாமல் சுற்றினாள். விறைத்த விரல்கள் இம்முறை எதையும் விடவில்லை.

பெட்டியைத் தூக்கியபோது மழை விட்டிருந்தது. லயத்தை விட்டுப் புறப்பட்டால் பீலிக்குப் பக்கத்தில் பாதை பிரியும். மேலே போனால் கோயில் படி, நேரே போனால் கல்லறைத் தோட்டம். வேதக்காரரின் பெட்டி பீலியடியில் நிற்கும். மேட்டிலிருந்து மணி கேட்ட பிறகுதான் படியேறும். அதுதான் தோட்டத்து வழக்கம்.

மிக்கேல்சாமி கோயில் சாவியோடு முன்னாலேயே ஏறிப்போய்க் கயிற்றைப் பிடித்து நின்றார். கீழே பெட்டி வருவது தெரிந்தது. முன்னே சாமி, பின்னே தோட்டத்துச் சனம். எல்லாருக்கும் பின்னால் ஓர் இடைவெளி விட்டு வெள்ளை முக்காடுகள், வாயடைத்து. பெட்டி பீலியடிக்கு வந்து நின்றது. தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

அவர் கயிற்றை இழுக்கவில்லை.

கீழே முணுமுணுப்பு எழுந்தது. பீலித் தண்ணீர் கல்லில் கொட்டும் சத்தம் மேடுவரை கேட்டது. யாரோ "ஐயா, மணி!" என்று கூப்பிட்டார்கள். கயிற்றின் முடிச்சு, மூன்று தலைமுறை கைபட்டு மொழுமொழுவென்றிருந்த முடிச்சு, அவர் உள்ளங்கையை அழுத்தியது. சுண்டுவிரல் மட்டும் கயிற்றில் சேராமல் தனியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை மடக்கப் பார்த்தார். முடியவில்லை.

கிருஷாந்திதான் படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது.

"மாமா, எல்லாரும் நிக்கிறாங்க. ஒங்களுக்கு மேலுக்கு முடியலையா? நான் வேணா இழுக்கவா?"

"அவ கேக்கலம்மா."

"என்னது?"

"சாமியக் கேக்கல. எண்ணெயக் கேக்கல. நான்தான் சொன்னேன்." குரல் தன்னுடையது போலவே இல்லை. "மாலையக் குடுத்தேன். விட்டுட்டா. திரும்பத் திரும்பக் குடுத்தேன், விட்டுட்டா."

கிருஷாந்தி கடைசிப் படியையும் ஏறி அவர் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா வேற என்ன செஞ்சாங்க?"

"என் வெரலப் புடிச்சா" என்றார். "நான் எடுத்துக்கிட்டேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு படியில் இறங்கிப் போனாள். கயிற்றை விட்டுவிட்டு அவரும் பின்னாலேயே இறங்கினார். நிமிர்ந்தே நடந்த ஆள், ஒவ்வொரு படிக்கும் காலைப் பார்த்து வைத்தார்.

பீலியடியில் கிருஷாந்தி சாமியின் காதருகே ஏதோ சொன்னாள். சாமி திரும்பி மிக்கேல்சாமியை வெகுநேரம் பார்த்தார். ஊறாவைக் கழுத்திலிருந்து எடுத்து முத்தமிட்டு மடித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைசிவரை நடந்து போய், லோஜன் பாஸ்டரைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தார்.

பெட்டியைப் பக்கத்துச் சின்னப் பாலத்தின் திண்டில் இறக்கினார்கள். மூடியைத் தூக்கச் சொன்னாள் கிருஷாந்தி. சுற்றியது போலவே பொறுமையாக மாலையைப் பிரித்தெடுத்தாள். தாயின் நெற்றியை ஒரு தரம் தடவினாள். இந்த முறை தயங்கவில்லை. பிறகு மாமனின் எதிரே வந்து நின்றாள். தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாரும் கேட்க அவள் சொல்லப் போகிறாளா என்று அவர் நினைத்த நேரத்தில், அவள் அவருடைய வலது கையை எடுத்து, உள்ளங்கையில் மாலையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். சுண்டுவிரலைக் கடைசியாக.

"பாட்டியோடது. நீங்களே வச்சுக்கங்க மாமா."

பெட்டி படியேறவில்லை. நேரே போயிற்று. சபைப் பெண்களில் ஒருத்தி தொண்டையைச் செருமி ஒரு பாட்டை எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் பாஸ்டரும் சாமியும் சேறு தெறிக்க ஒன்றாக நடந்தார்கள். பாட்டு தெரியாத சாமி கடைசி அடியை மட்டும் கூடச் சொல்லிக்கொண்டு போனார். கோயில் சனத்தில் சிலர் கூடப் போனார்கள், சிலர் பீலியடியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் மிக்கேல்சாமியிடம் ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள் நடுவே புகுந்து அவர் கடைசி ஆளாகப் பெட்டிக்குப் பின்னே நடந்தார்.

தேயிலை மலைக்கு அப்பாலிருந்து மழை திரும்பி வந்தது. ராக்காயி வேகமாக எட்டு வைத்து வந்து தன் குடையை நீட்டினாள்.

"புடிங்க ஐயா. நனையிறீங்க."

இடது கையில் கோயில் சாவி இருந்தது. வலது கையை அவர் விரிக்கவில்லை.

ராக்காயி நீட்டிய குடையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அவளே அதை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி, கூட நடந்தாள்.